சித்தூர் ரப்பரும் திருப்பதி ரப்பரும்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது நைனாவும் பெரியப்பாவும் சேர்ந்து தாத்தாவின் பழைய அம்பாசிடர் காரைப் புதுப்பித்தார்கள். சேர்ந்து என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பெரியப்பா வார நாட்களில் வேலை செய்வார். நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வார். ஒருவர் கார் நின்ற கொட்டகைக்குள் இருந்தால் மற்றவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இலை முன் உட்கார்ந்திருந்தபோது நைனா ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். அதற்குப் பெரியப்பா அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றைத் திருப்பிச் சொன்னாராம். அந்த வார்த்தைகள் என்னவென்று நான் எத்தனையோ முறை கேட்டேன். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்றார்கள். பெரியவளான பிறகு கேட்டபோது, மறந்துபோச்சு என்றார்கள்.

நகரியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பெரியப்பாவின் பவர்லூம் தறிகள் பகல் முழுக்க ஓடும். இந்தப் பக்கம் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் அதற்கேற்ப ஆடும். நைனா தறியை விட்டுவிட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் பின்கட்டுச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணங்களை மாற்றிக்கொண்டு, கணவன்மார்களின் சண்டையைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காரைப் புதுப்பிக்கும் யோசனை அக்காவுடையது. அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். அவளுக்குத் திருப்பதியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் முடிவானது. ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, தாத்தா கார்லதான் மண்டபத்துக்குப் போவேன், அப்பா உங்களைக் கேட்கச் சொன்னார் சித்தப்பா, என்று நைனாவிடம் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பிப் போய், சித்தப்பாவே ஆசைப்பட்டுச் சொன்னார் என்று தன் அப்பாவிடம் சொன்னாள். இரண்டும் பொய். ஆனால் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். ஆகவே பொய் பத்திரமாக இருந்தது.

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. கோழி அடைந்து கிடந்த காரைப் பெரியப்பா கழுவினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை நைனா வந்து அதை மறுபடி கழற்றி, உள்ளே பார்த்து, எதுவும் செய்யாமல் அப்படியே பூட்டினார். நைனா அவசரத்தில் இழுத்துவிட்டுப் போன ஒயர்களைப் பெரியப்பா திங்கட்கிழமை டேப் சுற்றி ஒழுங்காக்கினார். ஒருவர் வேலையை மற்றவர் பாராட்டியதும் இல்லை, பழித்ததும் இல்லை. டிங்கரிங் முடிந்தது, வெள்ளைப் பெயின்ட் அடித்தாயிற்று, சீட்டுக்குப் புது உறையும் வந்துவிட்டது. என்ஜின் முதல் முறை உயிர்பெற்று உறுமியபோது பெரியப்பா தனியாக இருந்தார். அந்தச் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட அம்மா நைனாவுக்குப் போன் போட்டு, கார் ஓடுது, என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க அந்தக் காரில்தான் திருப்பதிக்குப் போனோம். பெரியப்பா ஓட்டினார். அக்கா முன்னால். அம்மா, பெரியம்மா, நான் பின்னால். போகும்போதே பின்பக்கம் ஏதோ சத்தம். திரும்பி வரும்போது புத்தூர் தாண்டியதும் பாதை மோசமாக, அந்தச் சத்தம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டொங்கு டொங்கென்று இடித்தது.

"யாரோ கதவத் தட்டிக்கினே கூட வர மாதிரி கீதுப்பா" என்றாள் அக்கா.

பெரியப்பா ஓரமாக நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்தார். காரின் பின்புறத்தை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கிவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புஷ்ஷு பூட்ச்சி" என்றார்.

பாதையில் கார் குலுங்காமல் தாங்குவதற்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் என்று ஒரு குழாய் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் இரும்பு வளையம். வளையத்துக்குள் கெட்டியான ரப்பர். அந்த ரப்பரைத்தான் புஷ் என்பார்கள். அதன் நடுவில் போல்ட்டை நுழைத்துக் காரோடு பூட்டியிருப்பார்கள். எங்கள் காரில் அந்த ரப்பர் வெயிலிலும் வயதிலும் வெடித்துத் தூளாகி, இரும்பு வளையம் நேராகப் போல்ட்டை அடித்துக்கொண்டிருந்தது. இப்படியே ஓட்டினால் போல்ட் அறுந்துவிடும் என்றார் பெரியப்பா. பெரியம்மா காருக்குள்ளேயே கைகூப்பித் திருப்பதி மலை இருந்த திக்கைப் பார்த்தாள். புதன்கிழமை கல்யாணம்.

மறுநாள் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் சித்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே பழைய கார்ச் சாமான் விற்கும் கடை ஒன்று அவருக்குத் தெரியும். அம்மா மூலம் விஷயம் தெரிந்துகொண்ட நைனா அதே நாள் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய்க் கடை கடையாக அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகை மேசைமேல் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே மாதிரி ரப்பர் புஷ்கள்.

இதுவரை நடந்த வேலையெல்லாம் ஒரே ஆள் செய்யக்கூடியது. இது அப்படி இல்லை. போல்ட்டின் தலையை ஒரு பக்கம் ஒருவர் ஸ்பேனரால் இறுக்கிப் பிடித்தால்தான் மறுபக்கம் இன்னொருவர் நட்டைத் திருப்ப முடியும். கூலிக்கு மெக்கானிக் யாரையாவது கூப்பிடலாம் என்று பெரியம்மா சொல்லிப் பார்த்தாளாம். இத்தனை நாள் செய்ததை முடிக்க அந்நியன் எதற்கு என்று பெரியப்பா மறுத்தாராம். நைனாவும், யாரும் கேட்காமலேயே, அதையே அம்மாவிடம் சொன்னார்.

"நீயும் போய் அங்க இரு" என்று அம்மா என்னைக் கொட்டகைக்கு அனுப்பினாள்.

"எதுக்கும்மா?"

"சும்மா இரு. போ."

நான் போனபோது நைனா காரின் ஒரு பக்கமும் பெரியப்பா மறுபக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் கொட்டகையின் ஒரு மூலை ஒழுகித் தரை கறுத்திருந்தது. பெரியப்பாவின் தறிகள் ஞாயிறு என்பதால் ஓடவில்லை. அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது.

நைனாதான் ஆரம்பித்தார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பாப்பா, உங்க பெரியப்பாவ அந்தப் பக்கம் போல்ட்ட புடிச்சிக்கச் சொல்லு" என்றார்.

பெரியப்பா அவர் கால்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையை நீட்டினால் தொடலாம். இருந்தாலும் நான் சொன்னேன்.

"புடிச்சிக்கினுதான் கீறேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

நான் குனிந்து அதைச் சொன்னேன். இப்படியே போனது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இரண்டு பெரிய மனிதர்கள் என்னை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்! துருவேறிய நட்டு அசையவில்லை. முந்தின நாளே ஊற்றி வைத்த டீசல் போதவில்லை. நைனா மூச்சைப் பிடித்து இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. பெரியப்பா ஸ்ஸ் என்று தன் கையை உதறிக்கொண்டார். அடிபட்டது நைனாவுக்கு. அவர் ஏன் கையை உதறுகிறார் என்று நான் யோசித்தேன்.

இடது பக்கத்து ஷாக் அப்சார்பர் கழன்று வந்தபோது அதன் வளையத்துக்குள் ரப்பர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, கரித்தூள் மாதிரி உதிர்ந்தது. நைனா மிச்சத்தைப் பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, மேசைக்கு வந்து இரண்டு பொட்டலங்களையும் பார்த்தார். தன் திருப்பதி ரப்பரை எடுத்தார். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அது கல்லு மாதிரி கீது. சித்தூர்து மெத்துன்னு கீதுன்னு சொல்லு."

"மெத்துன்னு இருந்தா சீக்கிரம் தேஞ்சிடும்னு சொல்லு."

"பத்து வருசம் ஓடவா போடறோம்? பொண்ணு உக்காந்து போற காருன்னு சொல்லு."

"அதுக்குத்தான் கெட்டியா வாங்கினு வந்தேன்னு சொல்லு."

நான் அங்கும் இங்கும் சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. பிறகு இருவரும் ஆளுக்கொரு ரப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் நடந்தது மறுபடி நடக்கப்போகிறது என்று எனக்குள் ஏதோ சொன்னது. "ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது" என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் சொல்லச் சொல்லாமல் அன்று கொட்டகையில் நான் பேசியது அது ஒன்றுதான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நைனா தன் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவ ஆரம்பித்தார். அக்கா கல்யாணத்துக்குப் போன கார் இடது பக்கம் திருப்பதி ரப்பரிலும் வலது பக்கம் சித்தூர் ரப்பரிலும் போனது. எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று முன்சீட்டில் இருந்த இருவரும் வழி நெடுகக் காதைத் தீட்டிக்கொண்டு போனார்கள் என்று அக்கா இன்றும் சொல்லுவாள்.

ஆனால் அதற்கு முன் வலது பக்கம் முடிய வேண்டியிருந்தது.

வலது பக்கம்தான் ஒழுகின மூலை. பெரியப்பா ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை வைத்துக் காரைத் தூக்கினார். பழைய தறியின் கால்கட்டை ஒன்றைக் காருக்கு முட்டுக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். நைனா உள்ளே போனார். பழையது கழன்றது, சித்தூர் ரப்பரை மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி ஏற்றியாயிற்று, மேல் முனை பூட்டியாயிற்று. கீழ் முனையின் ஓட்டை மட்டும் போல்ட்டுக்கு நேராக வரவில்லை. ஒரு விரல் அளவு தள்ளி நின்றது.

"கார் கொஞ்சம் கீழ எறங்கணும். கட்டைய எடுக்கச் சொல்லு."

"நீ மொதல்ல வெளிய வான்னு சொல்லு."

நைனாவை அவர் 'நீ' என்று சொன்னதை நான் கவனித்தேன். அதுவரை 'உங்க நைனா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வெளிய வந்தா ஓட்டைய யாரு பாக்கறது? எடுக்கச் சொல்லு."

"தரை ஈரமா கீதுன்னு சொல்லு பாப்பா."

"எனக்குத் தெரியாதா? தினமும் இதே வேலதான் பாக்கறேன்னு சொல்லு."

அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். சொன்னேன். பெரியப்பா எழுந்து போய், சாய்த்து வைத்திருந்த சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, படுக்கப்போட்டுக் காருக்கு அடியில் தள்ளினார். நைனாவின் தோளுக்குப் பக்கத்தில் அது போய் நின்றது. "இது எதுக்கு எடத்த அடைச்சிக்கினு" என்று நைனா முணுமுணுத்தார். இதை யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை.

கட்டையைப் பெரியப்பா தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடியிலிருந்து டக், டக் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. நைனாவே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அது நகர்ந்து, சாய்ந்து, வெளியே உருண்டு வந்து என் காலருகே நின்றது. கார் லேசாக முனகியது. அவ்வளவுதான். அப்படியே நின்றது.

"பாத்தியா, ஒண்ணும் ஆவலன்னு சொல்லு!" என்றது நைனாவின் குரல்.

அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

ஜாக்கியின் பலகை ஈர மண்ணுக்குள் ஒரு ஓரமாக இறங்குவதை நான் பார்த்தேன். மெதுவாகத்தான் இறங்கியது. கத்தலாம் என்று நினைக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. ஆனால் நான் கத்தவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வார்த்தை வாயில் அப்படியே நின்றது. பிறகு ஜாக்கி ஒரே துள்ளலில் பக்கவாட்டில் தெறித்தது. கார் விழுந்தது.

"சின்னா!"

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா தரையில் விழுந்து, காருக்கு அடியில் கையை விட்டு, நைனாவின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்திருந்தார். கால்கள் அசையவில்லை. கார் அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவில்லை. பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். பிடித்திருந்த கால்களை உலுக்கினார்.

ஒரு கால் மடங்கியது.

"இருக்கேண்ணா" என்றார் நைனா, காருக்கு அடியிலிருந்து.

பெரியப்பா அவரை இழுத்த வேகத்தில் நைனாவின் சட்டை கழுத்துவரை சுருண்டு ஏறியது. வெளியே வந்து, எழுந்து நின்று, தலையில் இருந்த மண்ணைத் தட்டினார். எங்கும் ரத்தம் இல்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். பலகை நன்றாகத்தான் இருந்தது என்றோ என்னவோ. அதற்குள் பெரியப்பா கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கொட்டகைத் தகரம் அதிர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

நைனா திருப்பி அடிக்கவில்லை. பின்னால் நகரவும் இல்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

நான் ஓடினேன். பின்கட்டில் அம்மாவும் பெரியம்மாவும் கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். "பெரியப்பா நைனாவ அடிச்சிட்டாரு!" என்று அழுதேன். கார் விழுந்ததைச் சொல்லவே இல்லை. அது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

அம்மா ஜல்லிக்கரண்டியோடு திரும்பினாள். "அடிச்சாரா? பேசனாரா?"

"சின்னான்னு கூப்பிட்டாரு. அப்பால அடிச்சாரு."

"உங்க நைனா?"

"அண்ணான்னாரு."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முன்னால் போய்ப் பார்த்தேன். இரண்டும் நடந்துகொண்டிருந்தது. சட்டியில் முறுக்கு கருகியது. யாரும் எடுக்கவில்லை. அடித்தவரைக் கேட்க யாரும் கிளம்பவும் இல்லை.

நான் மறுபடி கொட்டகைக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. மதியம்வரை அங்கிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தொங்கும்போதே நட்ட முறுக்காதேடா, ரப்பர் திருகிக் கிழியும், சக்கரம் மாட்டித் தரையில நின்னப்புறம் முறுக்கு என்று பெரியப்பா கத்தினார். தெரியும்ணா, தெரியும்ணா என்று நைனா கத்தினார். அவர்களுக்குள் சண்டை முற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நைனாவின் வலது கை விரல் முட்டி கிழிந்திருந்தது. இடது கன்னத்தில் பெரியப்பாவின் கை கிரீஸில் அப்படியே பதிந்திருந்தது. கட்டைவிரலும் நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் சோப்பும் சொம்பில் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நைனா முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். நகத்துக்குள் எல்லாம் கழுவினார். நெற்றியில் இருந்த மண்ணைக் கழுவினார். கன்னத்தை விட்டுவிட்டார்.

"கன்னத்துல கருப்பு கீது நைனா" என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா."

அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று உள்ளே ஓடிப்போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினேன். நைனா அதை வாங்கி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கருப்போடேயே போய்ப் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நான் மட்டும் சாப்பிடவில்லை. அடி வாங்கியவர் என் நைனா. அடித்தவருக்கு அம்மா இரண்டாம் முறை சோறு போடுகிறாள். நியாயம் கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்று, நான் பெரியவளானதும் இதைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டேன்.